தொண்ணூற்றேழாம் பக்கத்தோடு திருத்தங்கலுக்கு

பன்னிரண்டு வருஷம் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்த நான்கு நண்பர்களோடு பேச்சை முறித்துக்கொண்ட பிறகுதான் நான் சிங்கப்பூரிலிருந்து விருதுநகருக்குக் கிளம்பினேன். சண்டைக்குக் காரணம் ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம். அதற்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது. அவர்கள் நால்வரும் புதியதை வாங்கிவிட்டார்கள். நான் பழையதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு பேர் வட்டமாக உட்காருவோம். ஒருவர் கதை நடத்துவார். "குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ மூச்சு விடுகிறது" என்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: வீரன், திருடி, மந்திரவாதி, பூசாரி. அடுத்து என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வோம். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். பலகை கிடையாது, திரை கிடையாது. கல்யாண வயது தாண்டிய ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் இதைச் செய்வோம். "ஏதோ கிளாஸுக்குப் போறான்" என்றுதான் என் அம்மா உறவினர்களிடம் இன்றுவரை சொல்லி வருகிறார்.

எங்கள் பழைய பதிப்பில் கவசம் நன்றாக இருந்தால் எண் குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதுதான் உச்சக் கவசம். ஒருவனை வெட்டுவதற்கு முன் இரண்டு முறை கழித்தல் கணக்குப் போட வேண்டும். புதிய பதிப்பில் இதையெல்லாம் நேராக்கி, கூட்டினால் போதும் என்று வைத்துவிட்டார்கள். நாகரிகங்கள் அழிவது இப்படித்தான் தொடங்கும் என்று நான் நம்பினேன். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைப் பரிசீலிப்பவன். பொடி எழுத்துகளைப் படிப்பது எனக்குத் தொழில். மற்றவர்கள் அதைப் படிக்கவில்லை என்று நிரூபிப்பது எனக்குப் பொழுதுபோக்கு.

பழைய பதிப்புக்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு விவாதக் களம் இருந்தது. அங்கே ஒருநாள் திருத்தங்கலிலிருந்து ஜெசிந்தா என்பவர் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்: "எங்கள் புத்தகத்தில் 97 முதல் 128 வரை பக்கங்கள் இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா? நாங்கள் இரண்டு வருஷமாக அது இல்லாமல் விளையாடுகிறோம்." புதிய பதிப்பை வாங்குங்கள் என்று பதினொரு பேர் அவருக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. பட்டாசு ஊரில், ஒரு மூலையில், கிழிந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு பழைய நெறி வழுவாமல் வாழும் ஒரு கூட்டம்! நேரில் வருகிறேன், பக்கங்களைக் கொண்டு வருகிறேன் என்று எழுதினேன். அவர்களோடு ஒரு புகைப்படம் எடுத்து அந்த நால்வருக்கும் அனுப்ப வேண்டும் என்பதுதான் உள்நோக்கம்.

வியாழக்கிழமை விருதுநகரில் இறங்கினேன். முதல் வேலையாக எண்ணெய் பரோட்டா. சிங்கப்பூரில் பரோட்டாவைக் கல்லில் சுடுவார்கள். இங்கே எண்ணெயில் முக்குகிறார்கள். முறுக்கு மாதிரி நொறுங்குகிற அதன்மேல் சால்னாவை ஊற்றிவிட்டு, சர்வர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் டிஷ்யூ பேப்பரால் எண்ணெயை ஒற்றி எடுத்தேன்.

"சார், அதத்தான் நாங்க பரோட்டாங்கோம்" என்றார் அவர், ஒற்றி எடுத்த பேப்பரைப் பார்த்து. நான்காவது பரோட்டாவை ஒற்றாமல் தின்றேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கண்டக்டர் என் பையைத் தூக்கிப் பார்த்து, கனம் கண்டு, "பட்டாசு இருக்கா?" என்றார். இந்த வழியில் பட்டாசோடு பஸ் ஏறினால் இறக்கிவிடுவார்கள். புத்தகம் என்றேன். நம்பாமல் திறந்தார். அட்டையில் நெருப்புக் கக்கும் பறக்கும் பாம்பு. "இது என்ன புதுசா வந்த ராக்கெட் லேபிளா?" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கலர் ரிஜிஸ்டர் விலகியிருக்கு, ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்காரல, நம்ம ஊர் அச்சு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த முதல் மதிப்புரை அது. அதை யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் திருத்தங்கல் போய்விட்டது. சிவகாசியில் இறக்கிவிட்டார்கள்.

சிவகாசி லாட்ஜில் மேனேஜர் பதிவேட்டைத் திறந்து, "என்ன ஆர்டருக்கு வந்திருக்கீக? பட்டாசா, டைரியா, தீப்பெட்டியா?" என்றார்.

"விளையாட வந்திருக்கேன்."

அவர் பேனாவை மூடினார். "ரூம்ல சீட்டாட்டம் கூடாது சார். எழுதிப் போட்டிருக்கு பாருங்க."

உட்கார்ந்து வாயால் கதை சொல்லி விளையாடுவது என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். பிறகு 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் 'காலண்டர்' என்று எழுதிக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் ஷேர் ஆட்டோவில் திருத்தங்கலுக்குத் திரும்பிப் போனேன். ஏழு பேர், ஒரு அச்சுக்காகித மூட்டை, நான். மூட்டை என் மடியில் இருந்தது. வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்ததில் மழையும் பிடித்துக்கொண்டது. மூட்டைக்காரர் தன் குடையை விரித்தார். எனக்கல்ல, மூட்டைக்கு.

ஜெசிந்தா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நாற்பது வயது இருக்கும். வேலை முடிந்து வெள்ளை உடுப்போடு தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர், நனைந்து நின்ற என்னைப் பார்த்ததும், "நெசமாவே வந்துட்டீகளா?" என்றார். "நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன் சார். ஒரு ஈமெயில்ல சொல்லியிருந்தாப் போதுமே."

உள்ளே பாக்கியம் என்ற பெண் தரையில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நாரணாபுரம் பக்கம் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுபவர். தீபாவளி முடிந்து கம்பெனி இன்னும் திறக்காததால் ஓய்வாக இருக்கிறார். "சீசன்ல வந்திருந்தீகன்னா என் மூஞ்சியக்கூடப் பாத்திருக்க முடியாது" என்றார்.

புத்தகத்தைக் கண்டெடுத்தவரே இவர்தான். குழாய் உருட்ட வெளிநாட்டுக் கழிவுக் காகிதம் மூட்டை மூட்டையாக வரும். அதில் இது கிடந்திருக்கிறது. பாதியில்தான் படங்களைக் கவனித்தாராம்.

"அப்போ நடுவில் இல்லாத பக்கங்கள்?" என்றேன்.

"அதெல்லாம் தனியாக் கழண்டு கெடந்துச்சு, உருட்டிப் போட்டேன் சார்" என்றார் பாக்கியம், கடலையிலிருந்து கண்ணெடுக்காமல். "ஒங்க தொண்ணூத்தேழாம் பக்கம் எந்த ஊரு தீபாவளிக்கு வெடிச்சிச்சோ."

அவர்களுடைய புத்தகத்தைக் கையில் வாங்கினேன். ஓரமெல்லாம் தமிழில் பென்சில் குறிப்புகள். தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கும் நூற்று இருபத்தொன்பதாம் பக்கத்துக்கும் நடுவே நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தைத்திருந்தார்கள். மேலே ஜெசிந்தாவின் கையெழுத்தில் 'காயம், தீ, குணமாதல்' என்று இருந்தது. உள்ளே பார்த்தேன். என் புத்தகத்தில் இருக்கும் ஒரு விதிகூட அதில் இல்லை. நெறி வழுவாக் கூட்டம் என்று நான் கடல் கடந்து பார்க்க வந்தவர்கள், நான் சண்டை போட்டுப் பிரிந்த நால்வரையும்விடப் பெரிய கலகக்காரர்கள்.

சனிக்கிழமை ஜெசிந்தாவுக்கு டூட்டி. பாக்கியம் என்னைத் தன் தம்பி முத்துராஜ் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே காலண்டர் சீசன். அடுத்த வருஷம் முழுவதும் அடுக்கடுக்காக, ஆளுயரத்துக்கு நின்றது. தீப்பிடித்தால் தப்பிக்கும் பாதை அடைபட்டிருக்கிறது என்று சிங்கப்பூரில் நான் நான்கு பக்கம் எழுதுகிற அளவுக்குக் காகிதம் நடைபாதையில் கிடந்தது. நான் அதைச் சொன்னபோது முத்துராஜ் ஒரு பொட்டலம் காராச்சேவைப் பிரித்து, "பாதை இருக்கு சார், நாளைக்கு லோடு போனாத் தெரியும்" என்றார்.

அவர்களிடம் பகடை கிடையாது. அதற்கும் வழி செய்தவர் முத்துராஜ்தான். தினசரிக் காலண்டர் கழிவிலிருந்து ஒன்று முதல் இருபது தேதி வரை தாளைக் கிழித்து, மடித்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டிருந்தார். உருட்டுவதற்குப் பதில் ஒரு தாளை எடுத்துப் பிரிக்க வேண்டும். தேதிதான் எண், பெரிதாக இருந்தால் நல்லது. ஆனால் அந்தத் தாளின் அடியில் ராசிபலன் இருக்குமே? மேஷம் லாபம், ரிஷபம் கவலை என்று. அதையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். பதினெட்டு வந்தால் வாள்வீச்சு பலிக்கும். ஆனால் உங்கள் ராசிக்கு 'மறதி' என்று இருந்தால், எதிரியை வெட்டிவிட்டு வாளை அங்கேயே விட்டுவிட்டு வருவீர்கள்.

"சார் என்ன ராசி?"

தெரியாது என்றேன். நட்சத்திரம்? அதுவும் தெரியாது. முத்துராஜ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேசுறதப் பாத்தா கன்னிதான்" என்று எழுதிக்கொண்டார். சிங்கப்பூரிலிருந்து நான் கொண்டுவந்திருந்த கண்ணாடிப் பகடைகளைக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். "ஆனா இதுல ராசிபலன் இல்லையே சார்."

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் ஆட்டம். பாக்கியத்தின் கணவர் கருப்பசாமியை அன்றுதான் பார்த்தேன். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். வலது கை முழங்கை வரை வெந்து, தோல் இறுகி, விரல்கள் பாதிதான் மடங்கும். டப்பாவிலிருந்து ஒரு தாளை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பிரிக்க இன்னும் நேரம். மறுபடி மடித்துப் போட அதைவிட. நேரம் வீணாகிறதே என்று, நான் பிரித்துத் தரட்டுமா என்று கையை நீட்டிவிட்டேன். ஜெசிந்தா என் கையைத் தட்டிவிட்டார்.

"அவர்தான் பிரிக்கணும் சார். அதுக்குத்தான் இம்புட்டும்."

விஷயத்தை அப்புறம் பாக்கியம் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் கலவை அறையில் வெடித்து, வெந்த உடம்பில் துணி ஒட்டாமலிருக்க, கருப்பசாமி ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடந்தார். தினமும் கட்டு மாற்றும்போது அலறுவார். பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டே இரு, வலி மறக்கட்டும் என்று பாக்கியத்திடம் சொன்னவர் ஜெசிந்தா. பத்து நாளில் பாக்கியத்துக்குப் பேச விஷயம் தீர்ந்துவிட்டது. மூட்டையில் எடுத்து வைத்த படப் புத்தகத்தைக் கொண்டுபோய் இதைப் படித்துச் சொல்லுங்கள் என்று கொடுத்திருக்கிறார். ஜெசிந்தா படித்தார். படித்தது கதையில்லை, விதி. அதனால் கதையை அவரே போட வேண்டியதாயிற்று. காயம் ஆறியதும் விரல்களுக்குப் பயிற்சி வேண்டுமென்று தாள் எடுத்துப் பிரிக்கிற ஆட்டமாக அது மாறிவிட்டது.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே நான் ஆட்டத்தில் ஒரு காரியம் செய்திருந்தேன்.

கதையில் நாங்கள் ஒரு சிற்றரசனின் களஞ்சியத்தின் முன் நின்றோம். களஞ்சியம் எரிகிறது. உள்ளே ஒரு பெட்டகம். என்னைத் தவிர எல்லோரும் தள்ளி நின்றார்கள். நான் கணக்குப் போட்டேன். என் விதிப்படி, தீயிலிருந்து விலக முயன்றவனுக்குப் பாதிக் காயம்தான். மோசமாக நடந்தாலும் ஒன்பது உயிர்ப்புள்ளிதான் போகும். என்னிடம் இருபத்திரண்டு இருந்தது.

"நான் உள்ளே போகிறேன்" என்றேன்.

திருடி வேஷம் போட்ட பாக்கியம், ஆட்டத்தில் அதுவரை கண்டதையெல்லாம் சுருட்டிக்கொண்டிருந்தவர், "வேணாம் சார், போகாதீக. பெட்டி கெடக்குது" என்றார்.

போனேன். தாள் எடுத்தேன். நான்கு. அடியில், கன்னி: பரிசு.

"பரிசு!" என்று காட்டினேன்.

"பரிசு உள்ளதான் இருக்கு" என்றார் ஜெசிந்தா. "நீங்க வெளிய வரணுமே சார்."

நோட்டைப் பார்த்து என் நிலைமையைச் சொன்னார். கூரை சரிந்தது. முதுகும் இரண்டு கைகளும் வெந்தன. வீரனான கருப்பசாமியும் பூசாரியான முத்துராஜும் இழுத்து வெளியே போட்டார்கள். நான் பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்து, சத்தமாக, நூற்று நான்காம் பக்கத்தை மொழிபெயர்த்துப் படித்தேன். தப்பிக்க முயன்றவருக்குப் பாதிக் காயமே.

அதுவரை தன் முறை வரும்போது மட்டும் வாய் திறந்த கருப்பசாமி, "தீயில பாதி ஏது சார்?" என்றார்.

நான் விடவில்லை. குணமாகும் விதியையும் படித்தேன். ஒரு நாள் முழு ஓய்வு எடுத்தால் ஒரு புள்ளி திரும்பும்.

பாக்கியம்தான் முதலில் சிரித்தார். பிறகு முத்துராஜ். பிறகு ஜெசிந்தாவே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "படுத்தாப் போதுமா? ஒரு நாளைக்கு ஒண்ணா? எந்த ஆஸ்பத்திரி சார் அது, எங்க வார்டுல இருக்கிறவுகள அங்கன அனுப்பிருவேன்!" அவர்கள் சிரித்து ஓய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

பூசாரி மந்திரம் போட்டு என்னைக் குணப்படுத்தலாமே என்று முத்துராஜைப் பார்த்தேன். "மந்திரம் வலியக் கொறைக்கும். தோலக் கொண்டுவராது" என்று நோட்டில் இருந்ததை ஜெசிந்தா படித்தார்.

அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் எல்லோரும் வாயாலேயே என்னைக் கவனித்தார்கள். பெட்டகத்தைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை. வாழை இலை வெட்டி வர ஒருவர், தண்ணீர் கொதிக்க வைக்க ஒருவர், ஈ விரட்ட ஒருவர். தண்ணீரைக் கொதிக்க வைத்தோமா, வெறுமனே சுட வைத்தோமா என்று பாக்கியமும் முத்துராஜும் சண்டை போட்டார்கள். என் பன்னிரண்டு வருஷ ஆட்டத்தில் எத்தனையோ முறை எரிந்திருக்கிறேன். யாரும் எனக்கு ஈ விரட்டியதில்லை.

கட்டு மாற்றுவதற்கும் நோட்டில் விதி இருந்தது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். பேசுவது நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். "கட்டுக்கதை பேசினா புண்ணுக்குத் தெரிஞ்சிரும்" என்றார் ஜெசிந்தா. பேச்சு பிடித்திருந்தால் பேசியவர் தாள் எடுக்கலாம்; பெரிய எண் வந்தால் வலி குறையும்.

முத்துராஜ் முதலில் வந்தார். ஒரு வருஷம் அவருடைய அச்சகத்தில் காலண்டரில் ஒரு தேதித் தாள் இரண்டு முறை விழுந்துவிட்டதாம். லோடு லோடாக வடக்கே போய்விட்டது. யாரும் புகார் செய்யவில்லை. ஒரே ஒரு வங்கியிலிருந்து மட்டும், நேற்று மூடியிருந்தோமா திறந்திருந்தோமா என்று கேட்டுக் கடிதம் வந்தது. நன்றாகச் சிரித்தோம். தாள் எடுத்தார். மூன்று. எனக்கு வலி குறையவில்லை.

"நான் பேசுதேன்" என்றார் கருப்பசாமி.

என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். என் கை வெந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டு, தொடாமல், தன் கையை அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் வைத்துக்கொண்டார். மறு கை தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு மழ வர்ற மாதிரி இருந்துச்சு" என்றார். "மருந்துத் தகரத்தத் தூக்கித்தான் வைக்கணும். இழுக்கக் கூடாது, ஒரசிப் பொறி பறக்கும்னு முத நாளே சொல்லித் தருவாக. எனக்கு இடுப்பு வலி. இழுத்தேன்."

பாக்கியம் கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தார்.

"பக்கத்து ரூம்ல மாடசாமி அண்ணன் குழாய்ல மருந்து செலுத்திக்கிட்டு இருந்தாரு. நான் கெடக்கையில கம்பெனி ஆளு வந்தாரு. மாடசாமி பக்கமிருந்துதான் பொறி வந்துச்சாமேன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. தலைய மட்டும் ஆட்டினேன்."

மாடசாமியை வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். பிறகு வேறெந்த ஆலையிலும் சேர்க்கவில்லை. இப்போது தாயில்பட்டியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறாராம். இதை ஜெசிந்தா பிறகு சொன்னார். அப்போது தாள் எடுக்க யாரும் டப்பாவைத் தேடவில்லை. என் மேஜைக்கு வரும் மனுக்களில் 'பொறி அடுத்த கட்டடத்திலிருந்து வந்தது' என்ற வாக்கியத்தை மாதம் இரண்டு முறையாவது படிப்பேன். படித்து, கையெழுத்துப் போட்டு, கோப்பை நகர்த்துவேன். அதைச் சொன்னவனின் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அன்றுவரை யோசித்ததில்லை.

பாக்கியம் புருஷனைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், சுவரிடம் சொல்கிற மாதிரி சொன்னார்: "நாளைக்குக் காலைல தாயில்பட்டிக்குப் போறோம்."

கிளம்பும்போது, நான் கொண்டுவந்த முப்பத்திரண்டு பக்கங்களின் நகலை ஜெசிந்தாவிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே புரட்டினார். கப்பல், பாலைவனம், கோட்டை முற்றுகை பற்றிய பக்கங்களை எடுத்துக்கொண்டார். காயமும் தீயும் இருந்த பக்கங்களை மட்டும் தனியே பிரித்து, மடிப்புக் கலையாமல் என்னிடம் திருப்பித் தந்தார். "இது ஒங்க ஊருக்கே இருக்கட்டும் சார்."

திங்கட்கிழமை எனக்கு மதுரைக்கு வண்டி. ஆனால் காலையில் லாட்ஜ் வாசலில் பாக்கியமும் கருப்பசாமியும் நின்றார்கள். "நீங்களும் வாங்க" என்றார் பாக்கியம். "ஒங்களுக்குக் கட்டுப் போடப் போயித்தான இந்தப் பேச்சே வந்துச்சு." அதில் தர்க்கம் இருந்தது. போனேன்.

தாயில்பட்டி பஸ்ஸில் கருப்பசாமி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் கருவேலம் புதர், நடுவே தனித்தனியாகத் தள்ளித் தள்ளிக் கட்டிய வெள்ளை அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது பிழைக்க வேண்டும் என்று அப்படிக் கட்டுவார்களாம். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். கருப்பசாமியும் ஒற்றைக் கையால் தள்ளினார். வண்டி கிளம்பினால் நன்றாயிருக்கும் என்று அவர் நினைத்தாரா, கிளம்பாமல் போனால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாரா தெரியாது.

மாடசாமிக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வேப்ப மரத்தடியில், சைக்கிள் ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. ட்யூபைத் திருப்பினார்.

கருப்பசாமி நின்றபடியே சொன்னார். முதல் நாள் எங்களிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில். தகரம். இடுப்பு வலி. தலையாட்டியது.

மாடசாமி குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டார். "தெரியும்லே" என்றார். "தகரத்த இழுத்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சா?" என்றார் பாக்கியம். "பெறகு ஏண்ணே சொல்லல?"

"இவன் எலையில கெடந்தான். அங்கன வந்து என்னத்தச் சொல்ல?" ட்யூபைத் துடைத்தார். "எந்திரிச்சு நடமாடுனபெறகு வருவான்னு பாத்தேன். ரெண்டு வருசமாப் பாத்தேன்."

கருப்பசாமி, கம்பெனிக்கு வந்து சொல்லிவிடுகிறேன், போலீஸ் கேட்டாலும் சொல்கிறேன் என்றார். மாடசாமி வேண்டாம் என்று தலையை அசைத்தார். "அங்கன இனி எனக்கு என்ன இருக்கு? இந்தா, அந்த டீக்கடைல சொல்லு. பஞ்சர் ஒட்ட வர்ற ஒவ்வொருத்தனும் 'ஏலே, பொறி விட்டவன்தான நீ'ன்னு கேட்டுட்டுத்தான் சைக்கிளச் சாய்க்கான்."

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். கருப்பசாமி உள்ளே போய், டீ சொல்லாமல், நடுவில் நின்றார். வெந்த கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சொன்னார். குரல் வெளியே சாலையில் நின்ற எனக்கே கேட்டது. ஒருவர் பேப்பரை மடித்தார். பெஞ்சின் கோடியில் இருந்த ஒரு தடித்த ஆள், "அப்ப மாடசாமி இல்லையா?" என்று யாரிடமென்றில்லாமல் கேட்டார். பதில் வராததால் மறுபடி தானே, "மாடசாமி இல்ல" என்று சொல்லிக்கொண்டார். டீ போடுகிறவர் அடுப்பைவிட்டு இறங்கி, ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வேப்ப மரத்தடிக்குப் போனார். மாடசாமி வாங்கிக்கொண்டார். நின்றபடியே குடித்து, கிளாஸைக் கொடுத்துவிட்டு, ட்யூபை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கருப்பசாமி வெயிலில் வந்து நின்றார். பாக்கியம் அவர் சட்டையின் பின்புறம் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பஸ் வரும் நேரம் என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஏலே கருப்பா" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது. "மத்தியானம் சாப்பிட்டுட்டுத்தான் போகணும். அந்த வெளியூர்க்காரரையும் கூட்டிட்டு வா."

மதுரை வண்டி போய்விட்டது. மாடசாமியின் வீட்டில் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். அவர் மனைவி சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். எனக்கும் பாக்கியத்துக்கும் பதமாகப் பரிமாறினார். கருப்பசாமிக்குச் சோறு போடும்போது கரண்டி வட்டிலில் இடித்த சத்தம் வாசல் வரை கேட்டிருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, மடங்காத விரல்களால் பிசைந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார்.

இரண்டாம் முறை போட அந்த அம்மா வந்தபோது அவ்வளவு சத்தம் இல்லை.